பரீட்சை முடிந்தால் போதுமா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கடும் நோய் கண்டவர்கள் பலர் நாடுவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான். 1965-ல் தொடங்கிய அக்கல்லூரியின் மாணவர்கள் தொழில் பழகுவதும் இந்நோயாளிகளிடமே. ஆகவே, மாணவரின் திறமையை எவ்வாறு அளப்பது என்பது சங்கரன்கோவில்காரருக்கும் சம்பந்தமுள்ள விஷயமாகும்.

பழைய பரீட்சையில் ஒருவருக்கு எளிய நோயாளி அமைவார். மற்றவருக்குச் சிக்கலான நோயாளி. அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்குண்டு. இக்குறை தீர ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் ஒரு முறையை வகுத்து, 1975-ல் வெளியிட்டார். எல்லா மாணவரும் ஒரே சோதனைகளை வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். முன்பே எழுதி வைத்த பட்டியலின்படி மதிப்பெண்.

இந்தியாவில் 2019-ல் வந்த பாடத்திட்டம், மாணவர் செய்வதை ஆசிரியர் நேரில் பார்த்து, குறைநிறை சொல்லி, குறிப்பேட்டில் பதியவேண்டும் என்கிறது.

கையெழுத்திடுவது எளிது. ஸ்டெதாஸ்கோப் வைத்த இடம் தவறென்று, நோயாளி கலங்காதபடி, அப்போதே எடுத்துச் சொல்வதுதான் கடினம். வார்டில் கூட்டம் நெருக்கும்போது முதலில் விடுபட்டுப் போவதும் அதுவே. அன்று திருத்தப்படாத பிழை, பின்னாளில் சங்கரன்கோவில் போன்ற ஊரில், அருகில் மூத்த டாக்டர் இல்லாத ஓர் இரவில் வெளிப்படும். அப்போது தோற்பவர் மாணவர் அல்லர், நோயாளி.