ஏர்கோன் போட்டால் சைபீரியாவா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பெண்டாங்கில் புதுமனை கட்டிக் குடியேறியிருக்கும் என் தங்கை மகன், மூவாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய ஹஸ்கி நாயைக் காட்டுவதற்காக என்னை வலிய அழைத்துச் சென்றான். பளிங்குத் தரையில் நாலு கால்களையும் பரப்பிக்கொண்டு, நாக்கு ஒரு சாண் தொங்க இரைத்துக்கொண்டிருந்த அந்த ஜீவனைப் பார்த்து, "இதுக்கு இந்த ஊர் ஒத்துக்குமா மாப்பிள்ளை?" என்று நான் கேட்டதற்கு, "ஏர்கோன் போட்டிருக்கேன் மாமா, எல்லாம் பழகிக்கும். முடிய வழிச்சிட்டா இன்னும் சுகமா இருக்கும்" என்றான்.

பழகிக்கொள்ளுமாம்! சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் எத்தனையோ வீடுகளில் இதே வியாக்கியானத்தைக் கேட்டு என் காது புளித்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் உஷ்ணம் 37 டிகிரிக்கு மேல் ஏறியபோது, இதே பெண்டாங் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கமே மூடிவைத்ததை இவர்கள் மறந்தேபோனார்களா? பால்மர நிழலிலே பிறந்து, வயல் வரப்பிலே ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்கே பழகாத வெயில், சைபீரியாவின் கிழக்குக் கோடியில் சுக்சி ஜனங்கள் உறைபனியில் வண்டி இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த பிராணிக்கு மூன்றே மாதத்தில் பழகிவிடுமென்றால், அது நாயல்ல, சித்த புருஷன். (நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த துரைமாரும் 'பழகிக்கொள்வார்கள்' என்றுதான் நினைத்திருப்பார்கள், அப்படிப் பழகும்போது காய்ச்சலுக்குப் பலியானவர்களின் கதை வேறு புராணம்.)

1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் கண்டபோது, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரத்தை, இருபது ஓட்டிகள் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாளில் கடந்தது பனிவண்டி நாய்களின் பலத்தால்தான். அதில் மிக நீண்டதும் அபாயகரமானதுமான பகுதியில், லியோன்ஹார்ட் செப்பாலாவின் வண்டியை முன்னின்று இழுத்த டோகோ என்ற ஹஸ்கிக்கு அப்போது வயது 12. ஓடுவதற்கென்றே பிறந்த அந்த வம்சத்தைப் பத்தடி அறைக்குள் அடைத்துவைப்பதற்குப் பராமரிப்பு என்று பெயராம்! முடியை வழிப்பது அதனினும் விபரீதம். உள்ளே பஞ்சு போன்ற முடி, மேலே நீண்ட முரட்டு முடி என்று அதற்கு இரண்டு அடுக்கு. அந்த மேலடுக்கே தோலை வெயிலிலிருந்தும் காப்பது. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிவது நாய்க்கு இல்லை, இரைத்துத்தான் தணியவேண்டும், காற்றில் ஈரம் மிகுந்த நம் சீதோஷ்ணத்திலோ அதுவும் சரியாக நடப்பதில்லை. விடியுமுன் ஓடவிடு, உதிரும் முடியை வாரிவிடு, நண்பகலில் வெளியே கொண்டுபோகாதே என்றால், "அதெல்லாம் மெய்ட் பாத்துக்கும் மாமா" என்கிறான். பள்ளிக்கூடத்தையே மூடவைத்த வெயிலை மெய்ட் பார்த்துக்கொள்வாளாம்.

திருட்டுப் பயத்துக்காகவே வாங்கியதாக வேறு சொல்கிறான். அந்நியரைக் கண்டால் வாலாட்டுவது இந்த ஜாதியின் பிரசித்தமான குணம். குரைப்பதைவிட ஊளையிடுவதில்தான் அதற்குப் பிரியம். திருடன் வந்தால் உபசரித்து உள்ளே அழைத்துக்கொண்டு போகும். முன்பு தோட்டத்தில், ராத்திரி முழுதும் லயத்து வாசலில் கண்விழித்துக் கிடந்த செவலை நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டை வாங்கப் பத்து வெள்ளி செலவழிக்காத குடும்பம்தான் இது! தோட்டத்தை விட்டு வந்தபோது அந்தச் செவலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். குலதெய்வத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். தோட்டத்திலிருந்து வந்ததெல்லாம் கேவலம், கண்ணாடிக் கடையில் விலைச்சீட்டோடு இருப்பதெல்லாம் கௌரவம் என்ற இந்தப் புத்தி, கல்யாண விருந்து முதல் குழந்தைக்குப் பெயர் வைப்பது வரையில் பரவியிருக்கிறது.

நேற்று அவனே தொலைபேசியில் கூப்பிட்டான். வெயில் தாங்கமுடியவில்லையாம், குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறார்களாம், அங்கே விடுதியில் நாயைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

"மூணு நாளைக்கு நீங்க வச்சிருங்க மாமா. உங்க வீட்லதான் காத்தாடி இருக்கே."