கூட்டு வழக்கும் போபாலும்

"எல்லோரும் சேர்ந்து கேஸ் போட்டால் எவ்வளவு பெரிய கம்பெனியும் பயந்துவிடும்" என்றான் வகுப்பு நண்பன் ஒருவன். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு போபாலைப் பார்க்க வேண்டும்.

ஒரே காரணத்தால் பலர் பாதிக்கப்பட்டால் அமெரிக்காவில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று கிளாஸ் ஆக்‌ஷன். சிலர் எல்லோருக்காகவும் வாதாடுவார்கள். தீர்ப்பு அனைவருக்கும் பொருந்தும். நஷ்டஈட்டு வழக்கென்றால், பிடிக்காதவர் பொதுவாக விலகிக்கொள்ளலாம். மற்றொன்று, பல ஊர் வழக்குகளை ஆரம்பக்கட்ட விசாரணைக்காக ஒரே நீதிபதியிடம் சேர்ப்பது. இதில் அவரவர் வழக்கு தனித்தனியாகவே இருக்கும்.

1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, யூனியன் கார்பைடு மீது அமெரிக்காவில் போடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் இப்படித்தான் நியூயார்க்கில் சேர்க்கப்பட்டன. 1986-இல் நீதிபதி கீனன், இதை இந்தியாவில்தான் விசாரிக்க வேண்டும் என்று தள்ளுபடி செய்துவிட்டார்.

இங்கேயோ, 1985-இல் வந்த சட்டப்படி எல்லோருக்காகவும் வழக்காடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே. விலகித் தனியாகப் போக வழியில்லை. 300 கோடி டாலருக்கு மேல் கேட்ட அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடிக்கு சம்மதித்தது. பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அதே அரசு கூடுதல் பணம் கேட்டுப் போட்ட மனுவையும் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சேர்ந்து போராடுவது தப்பே இல்லை. வக்கீல், நிபுணர் செலவெல்லாம் தனி ஆளால் தாங்க முடியாது. ஆனால் சமரசத்துக்கு முன் தகவல், ஆட்சேபிக்க அவகாசம், விலக உரிமை, இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?