இருபது லட்சம் சோம்பேறிகளும் ஒரு நாற்காலியும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அரசாங்க வேலை பற்றி ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருப்பவர்கள் நேராகப் பின்னூட்டப் பெட்டிக்குப் போய் ஆரம்பித்துவிடலாம் :-)

குரூப் 4 தேர்வு நடந்து முடிந்த மறுநாள் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம் காதில் விழும். "இத்தனை லட்சம் பேர் எழுதியிருக்கானாம்யா, கிளார்க் வேலைக்கு! பத்தாங்கிளாஸ் படிச்சா போதும்னு சொன்ன வேலைக்கு பி.இ.யும் எம்.எஸ்.சி.யும் வரிசையில நிக்குது. வெட்கமா இல்ல?" சொல்கிறவர் பெரும்பாலும் மென்பொருள் கம்பெனியில் ஆணி பிடுங்குகிறவராக இருப்பார். இல்லையென்றால் ஓய்வு பெற்ற அரசு அதிகாரியாக இருப்பார். இரண்டாவது ரகம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். முப்பத்தைந்து வருஷம் மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளையை அமெரிக்கா அனுப்பிவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரிஸ்க் எடுக்கவே பயம்" என்பார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இதையே ஒருவர் எனக்குச் சொன்னார். பக்கத்து இலை. "எல்லாம் சோம்பேறித்தனம் தம்பி. உட்கார்ந்து சம்பளம் வாங்கணும்." பாயசம் வந்துகொண்டிருந்ததால் அங்கே ஒன்றும் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

முதலில் அந்த "உட்கார்ந்து". அண்ணே, அதுதான் மேட்டரே. எங்கள் ஊர்ப் பக்கம் பி.காம். முடித்த பெண்பிள்ளைக்குக் கிடைக்கிற வேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? ஜவுளிக்கடை, செல்போன் கடை, தனியார் பள்ளி, நகை அடகுக் கடை. காலையில் ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுங்கள் என்று 2021 செப்டம்பரில் சட்டசபையில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்டூல் போடுவதற்கு ஒரு சட்டத் திருத்தம்! அப்படிப்பட்ட ஊரில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒண்ணாந்தேதி சம்பளம் என்று ஒருத்தி ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனமா?

எங்க அக்கா மகள் இந்த ரகம்தான். பகலில் கடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் வரிக்கு வரி அடிக்கோடு போட்டுப் படிக்கிறாள். வார விடுமுறை நாளில் கிளை நூலகம். அங்கே நாளிதழ் வாசிக்க வருகிற பெரியவர்களைவிட இவளைப் போலப் படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு கோச்சிங் சென்டரில் (பெயர் வேண்டாம்) பதினெட்டாயிரம் கட்டினாள். கொடுத்தது என்ன என்று பார்த்தால், அதே பாடப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டிருக்கிறார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசமாகவே வகுப்பு நடக்கிறது. பேனர் வைக்கத் தெரியாததால் அது யாருக்கும் தெரிவதில்லை. நான் சொல்லித்தான் இவளுக்கே தெரியும்.

"கவர்மென்ட் வேலை கிடைச்சா என்ன மாமா பண்ணுவ?" என்று கேட்டாள் ஒரு நாள். நீ சொல்லு என்றேன். "மொதல்ல ஒரு நாள் லீவு போடுவேன். சம்பளம் பிடிக்காம லீவு." அவ்வளவுதான் அவளுடைய பேராசை. கல்யாணம் ஆகி பிள்ளை பெற்றால் தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அவள் நிற்கிற கடையில் கர்ப்பம் தெரிய ஆரம்பித்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500. அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. சென்னைக்காரருக்கு இது ஒரு ஃபிளாட் வாடகை. எங்கள் ஊரில் அது ஒரு குடும்பம் தலைநிமிர்கிற காசு.

சரி, கணக்குக்கு வருவோம். 2022 ஜூலை 24-ந் தேதி நடந்த தேர்வுக்கு 22 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். அறிவிப்பில் இருந்த இடம் 7,301. 2024 ஜூன் 9: விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல், இடம் 6,244. 2025 ஜூலை 12: விண்ணப்பம் ஏறக்குறைய 13.9 லட்சம், இடம் 3,935. அறிவித்த இடத்தை ஒவ்வொரு தடவையும் பிறகு கூட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஃபார்ம் நிரப்பும்போது கையில் இருக்கிற கணக்கைப் பார்த்தால் முந்நூறு, முந்நூற்றைம்பது பேருக்கு ஒரு நாற்காலி. கல்யாணப் பந்தியில் முந்நூற்றைம்பது பேருக்கு ஒரு இலை போட்டால், அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்து "என்ன பசி இது, வெட்கமா இல்ல" என்று கேட்பீர்களா, சமையல் காண்ட்ராக்டரைத் தேடுவீர்களா?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ரயில்வே 2019-ல் சுமார் 35 ஆயிரம் இடத்துக்கு விண்ணப்பம் கேட்டது. வந்தது ஒரு கோடியே 25 லட்சம். 2022 ஜனவரியில் அதன் ரிசல்ட் குளறுபடியால் பீகாரில் ரயில் பெட்டி எரிந்தது. நம்ம பிள்ளைகள் அதிகபட்சம் ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டார்கள். 2022 ஜூலையில் எழுதிய குரூப் 4-க்கு ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாசம்! கட்டுரையா திருத்துகிறார்கள்? வட்டம் போட்ட தாளை மெஷினில் விடுகிற வேலை. அதற்கு முந்தைய குரூப் 4 நடந்தது 2019 செப்டம்பரில். நடுவில் கொரோனா. ஆகமொத்தம் ஏறக்குறைய மூன்று வருஷம் தேர்வே இல்லை, பிறகு எட்டு மாசம் ரிசல்ட் இல்லை. இருபத்தைந்து வயதில் படிக்க உட்கார்ந்தவனுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது. அரசு வயது வரம்பில் இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தது, நல்லது. வீட்டில் பெண் பார்க்கிறவர்கள் இரண்டு வருஷம் கூட்டித் தருவார்களா?

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அதற்குப் பிறகு வேகம் கூடியிருக்கிறது. 2024 ஜூன் தேர்வுக்கு அக்டோபர் 28-ல் ரிசல்ட். 2025 ஜூலை தேர்வுக்கு அக்டோபர் 22-ல். மூன்று மாதம் சொச்சம். முடிகிற காரியம்தான். கத்தினால் நடக்கிறது.

நிற்க. இதோடு முடித்திருந்தால் பந்தி அண்ணன் என்னை மன்னித்திருப்பார். அவர் அடுத்து ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. "இது என்ன பரீட்சை? வெறும் மனப்பாடம். இந்தப் பட்டப்பெயர் யாருக்கு, அந்த நூலை எழுதியவர் யாருன்னு. இவன் ஆபீஸ்ல போய் என்ன கிழிப்பான்? நேரில கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு, ஆளைப் பார்த்து எடுக்கணும்."

ஆளைப் பார்த்து. இந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவே.

மனப்பாடம் என்பதை மறுக்கவில்லை. 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். நூறு கேள்வி தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மிச்சம் நூறில் 75 பொது அறிவு, 25 கணக்கு. ஒரு கேள்வி ஒன்றரை மார்க். அந்த ஒன்றரை மார்க்கில் எத்தனை ஆயிரம் பேர் ஒரே படியில் நசுங்கி நிற்கிறார்கள் என்பதை எழுதியவர்களைக் கேளுங்கள். இதில் ஜெயித்தவர் தோற்றவரைவிடப் பெரிய அறிவாளி என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இளநிலை உதவியாளர் வேலையை யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை. தபால் பிரிப்பது, தன்பதிவேட்டில் ஏற்றுவது, குறிப்பு எழுதுவது, நினைவூட்டு அனுப்புவது எல்லாம் சேர்ந்த பிறகு கற்பது. அதற்குத்தான் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் துறைத் தேர்வுகள் இருக்கின்றன. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து தாசில்தார் நாற்காலி வரை போனவர்கள் எத்தனையோ பேர். ஆக வாசலில் வைக்கிற தேர்வு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். கூட்டத்தைக் குறைக்க வேண்டும், அதையும் யார் முகத்தையும் பார்க்காமல் குறைக்க வேண்டும்.

நீங்கள் கேவலமாகப் பேசுகிற அந்த ஓ.எம்.ஆர். தாளுக்கு எங்க அக்கா மகளின் அப்பா பெயிண்டர் என்று தெரியாது. அவள் எந்தத் தெரு என்று தெரியாது. இங்கிலீஷ் பேசினால் திக்குவாள் என்று தெரியாது. கறுப்பு மை பால்பாயின்ட் பேனா வட்டத்தை நிரப்பியிருக்கிறதா, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். நாலு பேர் கமிட்டி முன்னால் அவளை உட்கார வைத்துப் பாருங்கள். "அப்பா என்ன பண்றார்? சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். வெளியே வராந்தாவில் சிபாரிசுக் கடிதத்தோடு ஒருத்தர், பெட்டியோடு ஒருத்தர். மத்திய அரசே 2016 ஜனவரி 1-லிருந்து கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தைத் தூக்கிவிட்டது. காரணம் இதுதான். குரூப் 4-ல் நேர்முகம் இல்லாதது அதன் குறை இல்லைங்க. அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் 2019 மோசடி அவ்வளவு வலித்தது. கீழக்கரை, ராமேஸ்வரம் மையங்கள். சில மணி நேரத்தில் மறைந்துபோகிற மையால் விடையைக் குறித்துவிட்டு வருவது, தாள் சென்னைக்குப் போகிற வழியில் சரியான விடையை வேறு ஆட்கள் நிரப்புவது. 2020 ஜனவரியில் வெளியே வந்தது. 99 பேருக்கு ஆயுட்காலத் தடை. முகம் பார்க்காத தாளுக்கு முகம் வரைந்து கொடுத்த வேலை அது. அதன் பிறகு இடது பெருவிரல் ரேகை, 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம், எந்த வட்டத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்று கடைசியில் எண்ணி எழுதுவது என்று கெடுபிடி வந்தது. (தெரியாததைத் தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்கிற ஒரே அரசாங்கத் தாள் இதுவாகத்தான் இருக்கும். உள்ளே போன பிறகு அந்த வட்டத்தை யாரும் நிரப்புவதில்லை, ஹி ஹி.) திருடியது சில பேர், நெஞ்சு படபடக்க வட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது லட்சக்கணக்கான பேர். ஆனாலும் யாரும் "பரீட்சையே வேண்டாம், ஆளைப் பார்த்து எடுங்கள்" என்று கேட்கவில்லை. தாளைப் பத்திரமாகக் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பந்தி அண்ணனைவிடப் படித்தவர்கள். "எதற்கு நிரந்தர ஊழியர்? அவுட்சோர்ஸிங் விட்டால் பாதிச் செலவு" என்பார்கள். 2022 அக்டோபரில் அரசாணை 115 என்று ஒன்று வந்தது. மனிதவளச் சீர்திருத்தத்துக்கு ஒரு குழு. அதன் ஆய்வு வரம்பில் கீழ்நிலைப் பணிகளை வெளி முகமை மூலம் நிரப்புவதும் இருந்தது. சங்கங்கள் எகிறின. நவம்பரில் அந்த ஆய்வு வரம்பை ரத்து செய்தார்கள். சந்தோஷம். ஆனால் அந்த யோசனை செத்துவிடவில்லை, எந்தக் கட்சி வந்தாலும் அது அலமாரியில் தூசி தட்டத் தயாராக இருக்கும். முகமை வழியாக வருகிற டேட்டா என்ட்ரி பெண்ணுக்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்? இவளுக்கு நாற்காலி உண்டு. அவ்வளவே. இட ஒதுக்கீடு கிடையாது, லீவு கிடையாது, நாளைக்கு வரலாமா என்பதே முகமைக்காரர் மனசில் இருக்கிறது. இடம் குறைந்துகொண்டே வருகிறபோது, மிச்சமிருக்கிற வேலை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு எழுதுகிறவனைத் திட்டாதீர்கள்.

"கிளார்க் ஆனதும் கை நீட்டுவான்ல?" என்று பின்னூட்டம் வரும். வரட்டும். நீட்டுகிற கையைப் பிடித்துக் கொடுங்கள். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்த அனுபவம் எனக்கும் உண்டு, அதைத் தனிப் பதிவாகவே போடலாம். ஆனால் இன்னும் உள்ளேயே போகாத லட்சக்கணக்கான பேரை முன்கூட்டியே லஞ்சக் கேஸில் புக் பண்ணுவது என்ன நியாயம்?

எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் ஒரு தேர்வு, தேதி தவறாமல். இருக்கிற காலியிடத்தை முதலிலேயே ஒழுங்காக எண்ணிச் சொல்வது. 3,935 என்று அறிவித்துவிட்டுப் பிறகு கூட்டுவதைச் சலுகை மாதிரி அறிவிக்காதீர்கள். அந்த இடம் முன்பே காலியாகத்தானே இருந்தது? ரிசல்ட் எந்தத் தேதி என்று அறிவிப்பிலேயே போட்டு, அந்தத் தேதியில் விடுவது. அந்த ஒரு தேதி தெரிந்தால், இன்னொரு வருஷம் படிப்பதா, கிடைத்த வேலைக்குப் போவதா என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்வார்கள். நாம் யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

பி.கு: அக்கா மகளிடம் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் (புதிய பாடத்திட்டம், தமிழ் வழி) மட்டும் இல்லை. பிள்ளைகள் படித்து முடித்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடக் காத்திருக்கும் புத்தகம் யாரிடமாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கூரியர் செலவு என்னுடையது. உள்ளே கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை.