விதியா? விதிமுறையா?

விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியைக்கூட நம் ஜனங்கள் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் நல்லூர்ப் பக்கத்தில் குழந்தையைக் கொண்டுபோய் விடுவதற்கு விஜயதசமி பார்க்கிறார்களேயொழிய, கூரையைப் பார்ப்பவர் யார்? கூரையைப் பாராததன் பலனைக் கும்பகோணம் கண்டது. 2004 ஜூலை 16-ல் பள்ளியொன்றின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டன. சர்க்கார் உதவி பெற்ற பள்ளிதான்! இதையுந் தலைவிதியென்று சொல்லுவார்களானால், கீற்றில் நெருப்புப் பற்றுவதும் பிரம்மா எழுதித்தானா என்று கேட்கின்றோம். பள்ளிப் பருவத்துக்கும் முந்திய சிசுக்களோ ஓடித் தப்பவும் அறியா. அவர்களுக்கான விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-ல் தமிழ்நாட்டு சர்க்கார் விதிகள் வகுத்தது வாஸ்தவமே. காகிதத்திலிருந்து என்ன பிரயோஜனம்? அதிகாரி சொல்லாமல் வந்து அடுப்பு, வாசல், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்து, கண்டதை ஊரார் படிக்க வாசலில் ஒட்டட்டும். சர்க்காரே நடத்தும் அங்கன்வாடிக்கும் இதில் விலக்குக் கூடாது.