ஏனத்தை ஏன் மறைக்க வேண்டும்?

குறிஞ்சி என்றதும் மயிலையும் தேனையும் பாராட்டும் மும்பை மேடைப் பேச்சாளர் சிலர், பன்றியிறைச்சியை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றனர். இஃது இலக்கியத்துக்கு இழைக்கும் வஞ்சனை என்போம் நாம்.

பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் கூத்தர்க்கு உரைப்பது யாது? தினைப்புனத்தை மேய வந்து கற்பொறியில் வீழ்ந்த ஏனத்தைக் கண்டால், மூங்கில் தீயில் புகை மணக்காமல் மயிர் பொசுக்கி உண்டு, சுனைநீர் பருகி, எஞ்சியதைப் பொதிந்து செல்க என்பதன்றோ? காளத்தியப்பருக்குக் கண்ணப்பர் படைத்ததும் தீயில் வாட்டிய பன்றியூனே. சேக்கிழார் அதனை ஒளித்தாரில்லை.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்த வேட்டையை நாம் மீட்கக் கோரவில்லை. மாட்டுங்கா மேடையில் இந்த ஊனை மறைப்பது, தாராவியில் ஊன் சமைக்கும் அடுக்களைகளை இழிவென்று சொல்லாமற் சொல்வதாகும் என்பதே நம் வழக்கு. முன்னோர் உண்டதை உரைக்க நாணும் நாவுக்குச் சங்கப் பெருமை பேச உரிமை ஏது?