பனியில் நடந்த சிறுவனும் படிப்பினை கேட்போரும்

"இதில் படிப்பினை எங்கே?" என்று நம்மை வினவினார் ஒரு பெரியவர். கிதாபுகளில் மூழ்கியவர், நம் மதிப்பிற்குரியவர். நாம் அவர் கையில் கொடுத்தது, எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்னும் அமெரிக்க ஓவியர் 1962இல் எழுதி வரைந்த 'பனி நாள்' என்னும் குழந்தை நூல். இரண்டே நிமிடங்களில் புரட்டி முடித்துவிட்டார். பீட்டர் என்னும் சிறுவன் காலையில் எழுகிறான், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, சிவப்பு உடை அணிந்து சென்று விளையாடுகிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது உருகிவிடுகிறது. மறுநாளும் பனி பெய்கிறது. தோழனை அழைத்துக்கொண்டு மீண்டும் போகிறான். கதை அவ்வளவே. பொய்யன் எவனும் தண்டனை பெறவில்லை. சோம்பேறி எவனும் திருந்தவில்லை. இப்ரத் இல்லாத கதை பிள்ளைக்கு எதற்கு என்பது பெரியவரின் வாதம்.

இவ்வாதத்தை நாம் இகழவில்லை. இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த 'கலீலா வதிம்னா'வின் நரிகளோடும் சிங்கத்தோடும் வளர்ந்தவர்கள்தாம் நாமும். ஆயினும் பிள்ளை நூல் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைச் சுமந்தே வரவேண்டும் என்னும் பிடிவாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதற்கு இந்நூலாசிரியரின் வாழ்க்கையே சான்று. (உருவப்படம் பற்றிய மார்க்கச் சர்ச்சையை எவரும் இங்கே இழுக்க வேண்டா, அது வேறு சபைக்குரியது.)

கீட்ஸ் 1916இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். தந்தை உணவு விடுதியில் பரிமாறும் பணியாளர். ஓவியம் சோறு போடாது என்று மகனை வாயால் அதட்டியவர், அவ்வப்போது வண்ணக் குழாய்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். பட்டினி கிடக்கும் ஓவியன் ஒருவன் ஒரு கிண்ணம் சூப்புக்குப் பதிலாகக் கொடுத்தான் என்று காரணம் சொல்வார். 1935இல், மகன் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாயில், அவர் தெருவில் மாரடைப்பால் இறந்தார். உடலை அடையாளம் காட்டச் சென்ற மகன், தந்தையின் பணப்பையில் பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகளைக் கண்டான். தான் ஓவியப் பரிசு பெற்ற செய்திகள் அவை! மகனின் திறமையை அவன் முகத்துக்கு நேரே ஒருநாளும் புகழாத தந்தையரை நாம் அறிவோம்; நம் ஊர்களிலும் அவர்கள் உளர்.

ஓவியக் கல்லூரிக்குச் செல்ல உதவித்தொகை கிடைத்தும் குடும்பச் சுமையால் போக இயலவில்லை. சுவரோவியப் பணி, படக்கதைகளுக்குப் பின்னணி வரைதல், போர்க்காலத்தில் படையினருக்கு உருமறைப்பு வடிவங்கள் அமைத்தல் எனப் பிழைத்தார். போருக்குப்பின் 1947இல், யூதர்மீதான வெறுப்பு வேலைவாய்ப்பை அடைத்த நிலையில், சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். பெயரைக் கேட்டவுடன் கதவு சாத்தப்படுவது எத்தகைய அனுபவம் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர்ப் பிறருடைய குழந்தை நூல்களுக்குப் படம் வரையலானார். அப்போதுதான் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. தம்மிடம் வந்த கையெழுத்துப் படிகளில் ஒன்றில்கூடக் கறுப்பினக் குழந்தை கதைத்தலைவனாக இல்லை. 1940இல் 'லைஃப்' இதழில் வெளிவந்த, ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் படங்கள் நான்கினை வெட்டி வைத்திருந்தார். இரத்தப் பரிசோதனைக்கு நிற்கும் பாலகன் அவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்த அத்துண்டுகளிலிருந்துதான் பீட்டர் எழுந்து பனியில் நடந்தான். வண்ணக் காகிதங்களையும் துணியையும் வெட்டி ஒட்டி, அழிப்பானில் செதுக்கிய அச்சால் பனித்துகள்களைப் பதித்து, பல்துலக்கும் தூரிகையால் மையைத் தெறித்து உருவாக்கிய நூல் அது. 1963இல் அமெரிக்கப் படநூல்களுக்குரிய கால்டெகாட் பதக்கத்தைப் பெற்றது.

பாராட்டு முடியுமுன் கண்டனம் வந்தது. 1965இல் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 குழந்தை நூல்களுள் 349இல் மட்டுமே கறுப்பினத்தவர் ஒருவரேனும் தோன்றினர் என்று கணக்குக் காட்டினார். அக்கணக்கை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ஆனால் அதே கட்டுரை கீட்ஸின் நூலையும் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் தாயைப் பருத்த உருவினளாக, பகட்டு உடையில் வரைந்தார் என்றது. எழுத்தில் எங்கும் அவனது இனத்தைக் குறிப்பிடவில்லை என்றது. கீட்ஸ் அவ்விதழிலேயே மறுப்பு எழுதினார்.

தாயின் படம்பற்றிய குறையில் நியாயம் உண்டு என்போருடன் நாம் வாதாட விரும்பவில்லை; ஒரு சமுதாயத்தாரின் காயம் அவர்க்கே தெரியும். இரண்டாம் குற்றச்சாட்டைத்தான் நாம் முற்றிலும் மறுக்கிறோம். வெள்ளைக் குழந்தை பனியில் விளையாடும்போது, "இதோ ஒரு வெள்ளைக் குழந்தை" என்று எந்த நூலாவது அறிவிக்கிறதா? பீட்டர் மட்டும் தன் இனத்தை அறிவித்த பின்னரே விளையாட வேண்டுமா? படத்தில் அவன் நிறம் பளிச்செனத் தெரிகிறது. எழுத்து அதைப் பிரச்சினையாக்க மறுக்கிறது. அம்மறுப்பே அந்நூலின் துணிவு. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார் என்பதையும் கண்டனம் செய்வோர் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பெரியவரும் அமெரிக்கக் கல்வியாளரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் கேட்பதும் ஒன்றே: சிறுபான்மைப் பிள்ளை புத்தகத்துக்குள் நுழைய வேண்டுமானால் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும். ஒருவருக்கு நீதி வேண்டும். மற்றவருக்கு இன அடையாளம் வேண்டும். வெறுங்கையோடு, விளையாடுவதற்காக மட்டும் வர அவனுக்கு அனுமதி இல்லை. இப்ரத் என்னும் சொல்லின் வேர் 'அபர'. கரை கடத்தல் என்பது அதன் பொருள். தன்னைப் போன்றவனைப் புத்தகத்தில் காணாத பிள்ளை, முதன்முறை கண்டவுடன் எந்தக் கரையைக் கடக்கிறான் என்பதைப் பெரியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓர் ஆசிரியை கீட்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதுவரை தம்மை இளஞ்சிவப்பு வண்ணத்தால் வரைந்துவந்த அவர் வகுப்புக் கறுப்பினப் பிள்ளைகள், இந்நூலைக் கண்டபின் பழுப்பு வண்ணக் குச்சியைக் கையில் எடுத்தனராம். நம் வகுப்பிலும் இதற்கு இணை உண்டு. ஒரு கதை எழுதுங்கள் என்றால், இப்ராஹீமும் பாத்திமாவும் எழுதித் தரும் கதைகளில் வருபவர் ராமுவும் சோமுவும். அவர்களை எவரும் தடுக்கவில்லை. கதைக்குள் வாழ்பவர்க்கு அப்படித்தான் பெயர் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டனர்.

கீட்ஸ் 1983இல் மறைந்தார். பீட்டரை வைத்து ஏழு நூல்கள் செய்தார். நியூயார்க் பொது நூலகம் 2020இல் தன் 125 ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, மிகுதியாக இரவல் வாங்கப்பட்ட நூல் 'பனி நாள்' எனக் கண்டது, 4,85,583 முறை!

நம்மவருள் பிள்ளை நூல் வெளியிடும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். நபிமார் வரலாறும் நல்லொழுக்கக் கதைகளும் வரட்டும், அவை வேண்டும். அவற்றோடு, இப்ராஹீம் ஒருநாள் மொட்டை மாடியில் பட்டம் விடும் கதை ஒன்றையும் அச்சிடுங்கள். பட்டம் அறுந்து பக்கத்துத் தெருவில் விழட்டும். அவன் ஓடிப்போய் எடுக்கட்டும். வழியில் அவனை நிறுத்தி எவரும் உபதேசம் செய்ய வேண்டா.