பருத்திக்காட்டில் ஒரு சிறுவன் சுமந்த இரகசியம்



ஜான் கிரிஷாம் என்ற பெயரைக் கேட்டவுடன் நீதிமன்றமும் வழக்கறிஞர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அவரே வழக்கறிஞராயிருந்தவர், மிசிசிப்பி சட்டமன்றத்திலும் சில ஆண்டுகள் அமர்ந்தவர். ஆயினும் 2001-இல் வெளிவந்த 'எ பெயின்டட் ஹவுஸ்' என்னும் அவருடைய நாவலில் வழக்கும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிளாக் ஓக் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு பருத்திக்காடும், அதில் வளரும் லூக் சாண்ட்லர் என்னும் ஏழு வயதுச் சிறுவனுமே அதன் களமும் கதையும். ஆசிரியரும் அதே பகுதியில், 1955-இல், பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர். ஆகையால் பருத்திக்காயின் கூரிய ஓடு விரலைக் கிழிக்கும் வலியும், தோளில் மாட்டிய நீண்ட சாக்கை வரிசை நெடுக இழுத்துச் செல்லும் களைப்பும் கேள்வியறிவாக எழுதப்பட்டவைபோலத் தோன்றவில்லை.

இந்நூலைப் பற்றி இவ்வாரம் எழுதக் காரணம் உண்டு. ஒரு பிள்ளையின் மௌனம் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியை இவ்வளவு நேராக எழுப்பும் கதையை நான் அதிகம் வாசித்ததில்லை. அந்தக் கேள்வி நம்முடைய சபைக்கும் உரியது என்று நம்புகிறேன்.

கதை நிகழும் காலம் 1952-ஆம் ஆண்டின் அறுவடைப் பருவம். சாண்ட்லர் குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லை. 80 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அறுவடையில்தான் அடைய வேண்டும். பருத்தி வெடித்து வெண்மையாய் நிற்கும் சில வாரங்களுக்குள் அதை எடுத்து ஜின்னிங் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் ஓராண்டு உழைப்பு சேற்றில் போய்விடும். எடுப்பு இயந்திரங்கள் அந்தப் பகுதிகளில் இன்னும் பரவாத காலம் அது. எனவே பாப்பி என்று லூக் அழைக்கும் தாத்தா இரண்டு இடங்களிலிருந்து ஆள் பிடிக்கிறார். ஓசார்க் மலைப்பகுதியிலிருந்து ஸ்ப்ரூயில் என்னும் குடும்பம் வந்து வீட்டு முற்றத்திலேயே கூடாரமடிக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் கொட்டகையில் தங்குகிறார்கள். 1942 முதல் 1964 வரை மெக்சிகோவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமெரிக்க அரசு பருவகாலத் தொழிலாளரை வரவழைத்துவந்த நாட்கள் அவை.

ஒரு சனிக்கிழமை ஊருக்குள் சண்டை மூளுகிறது. ஸ்ப்ரூயில் குடும்பத்தின் மூத்த மகன் ஹாங்க், ஒரு கட்டையால் அடித்த அடியில் உள்ளூர் வாலிபன் ஒருவன் சாகிறான். பார்த்துநின்றவர்களில் லூக்கும் ஒருவன். காவல் அதிகாரி விசாரிக்க வருகிறார். ஹாங்கின் முறைத்த பார்வைக்கு முன்னால் சிறுவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

இங்கே ஆசிரியர் நம்மைச் சும்மா விடவில்லை. ஹாங்க் கைதானால் ஸ்ப்ரூயில் குடும்பம் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிடும். அவர்கள் போனால் பாதிக் காடு எடுக்கப்படாமல் நிற்கும். தாத்தா நல்லவர், பாப்டிஸ்ட் சபைக்குத் தவறாமல் செல்கிறவர், கொலையை அவர் எவ்விதத்திலும் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தில், அந்தக் கடனோடு, பேரன் அதிகம் பேசாமலிருப்பது அவருக்கு வசதியாயிருக்கிறது. யாரும் அவனைப் பொய் சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை. மெய்யை வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. வீட்டாரின் முகங்களைப் பார்த்தே ஏழு வயதுப் பிள்ளை கணக்கைப் புரிந்துகொள்கிறான்.

பிறகு இரகசியங்கள் அவன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அருகிலுள்ள வாரக்குடியான லாட்சர் குடும்பத்தில், மணமாகாத பெண் ஒருத்தி குழந்தை பெறுகிறாள்; தகப்பன் கொரியப் போரில் இருக்கும் லூக்கின் சொந்தச் சித்தப்பா ரிக்கி என்கிறாள். வீட்டார் அதைத் தங்களுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற பாடம் சிறுவனுக்கு இன்னொரு முறை நடக்கிறது. அதைவிடக் கொடியது அடுத்து வருகிறது. 'கவ்பாய்' என்று பெயர்பெற்ற மெக்சிகோ இளைஞன், பழைய பகைக்காக ஹாங்கை ஆற்றுப்பாலத்தில் கத்தியால் குத்திக் கொல்வதை இருளில் ஒளிந்திருந்த லூக் பார்த்துவிடுகிறான். வெளியே சொன்னால் உன் தாயைக் கொன்றுவிடுவேன் என்று கவ்பாய் மிரட்டுகிறான். மறுநாளும் அதே பருத்திக்காட்டில், அதே மனிதனிடமிருந்து சில வரிசைகள் தள்ளி, பையன் சாக்கை இழுக்க வேண்டும். இரவு உணவுக்கு முன்பாகத் தலைகுனிந்து ஜெபிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட பிரசங்கத்தைக் கேட்க வேண்டும். அந்த ஜெபமேசையிலும் சபையிலும் அவனை அன்பாய் நேசிக்கிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தின் அத்தனை நாட்களிலும் அவன் தனியாயிருக்கிறான்.

கொலையும் ஒழுக்கக்கேடும் வரும் நாவலைப் போதகர் ஏன் சபையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களைச் சபையில் சத்தமாய் வாசித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறேன்.

லூக்கின் தாத்தாவுடைய இயற்பெயர் ஏலி. அதை வாசித்தபோது 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரம் என் மனதில் எழுந்தது. அந்த அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை முறை நடித்திருக்கிறோம்! வெள்ளை அங்கி தரித்த ஒரு சிறுவன் பாயில் படுத்திருப்பான். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ மூன்று முறை கூப்பிடுவார்கள். நான்காம் முறை அவன் முழங்காற்படியிட்டு, அடியேன் கேட்கிறேன் என்பான். கைதட்டலோடு திரை விழும். ஆனால் வேதத்தில் அதிகாரம் அங்கே முடியவில்லை. திரை விழுந்த பிறகுதான் பிள்ளைக்கு உபத்திரவம் தொடங்குகிறது.

ஏனெனில் சாமுவேல் கேட்ட செய்தி, அவனை வளர்க்கும் ஏலியின் வீட்டுக்கு விரோதமான நியாயத்தீர்ப்பு. யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் அவனுக்கு அப்போது 12 வயது என்று எழுதுகிறார். அந்த வயதுப் பிள்ளை, தனக்கு உணவும் உறைவிடமும் கொடுக்கும் கண்மங்கிய கிழவரிடம் போய், உம்முடைய குமாரரின் அக்கிரமத்தால் உம்முடைய வீடு அழியும் என்று எப்படிச் சொல்வான்? விடியும்வரை படுத்திருந்தான் என்கிறது வேதம்; தூங்கினான் என்று சொல்லவில்லை. காலையில் எழுந்து வழக்கமான வேலையாகிய ஆலயக் கதவுகளைத் திறக்கும் பணியைச் செய்தான். அந்தத் தரிசனத்தை ஏலிக்கு அறிவிக்க அவன் பயந்தான் என்றும் அதே வசனம் சொல்கிறது. லூக் பருத்திச் சாக்கை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனதைப்போலவே, சாமுவேலும் தன் வேலைக்குள் ஒளிந்துகொண்டான். கலங்கிய பிள்ளைகள் பலர் அழுவதில்லை, அன்பானவர்களே. வழக்கத்தைவிட ஒழுங்காய் வேலை செய்வார்கள்.

ஏலியைக் குறித்து நாம் நல்லதாகப் பிரசங்கிப்பது அரிது. குமாரரை அடக்காதவர், அன்னாளின் ஜெபத்தை வெறியென்று எண்ணியவர் என்றே அவரை அறிவோம். அந்தக் குற்றங்கள் மெய்தான். ஆனால் அன்று காலை அவர் செய்த ஒன்றை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. அவரே பிள்ளையைக் கூப்பிட்டார். என் மகனே என்று அழைத்தார். உனக்குச் சொல்லப்பட்டது என்ன என்று கேட்டார். ஒன்றையும் எனக்கு மறைக்காதே என்று ஆணையிட்டுக் கேட்டார். வரப்போவது தனக்கு நல்ல செய்தியல்ல என்பதை அந்தக் கிழவர் ஊகித்திருக்கக்கூடும். முன்பே ஒரு தேவமனுஷன் வந்து அவரை எச்சரித்திருந்தான். இருந்தும் கேட்டார். கேட்டபின் பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை, பொய் என்று தள்ளவில்லை, வெளியே சொல்லாதே என்று வாயடைக்கவும் இல்லை. பேசினவர் கர்த்தர் என்று ஏற்றுக்கொண்டு, தீர்ப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டார்.

நாவலின் ஏலியோ ஒரு பருவத்தின் பருத்தியை இழக்க அஞ்சினார். அவரை நான் எளிதாகக் குற்றப்படுத்த விரும்பவில்லை. கடனோடு மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்து நின்ற தகப்பன்மாரின் பிள்ளைகள் நம் சபையிலும் உண்டு; அந்த அச்சம் எப்படிப்பட்டதென்று உங்களில் பலர் எனக்கே கற்பித்திருக்கிறீர்கள். ஆனால் நம் வீடுகளிலும் ஒரு பருத்திக்காடு இருக்கிறதல்லவா? நிச்சயமாகியிருக்கும் ஒரு திருமணம், பண உதவி செய்துவரும் ஓர் உறவினர், குடும்பத்தின் மானம், சபையின் நற்பெயர் என்று அதற்குப் பல பெயர்கள். அந்த மாமா வரும்போது என் பெண் ஏன் அறைக்குள் போய்விடுகிறாள் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் எதை இழக்க நேரிடுமோ என்று வாய் மூடிக்கொள்ளும். பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக் கணக்கைப் புரிந்துகொள்ளும்.

பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் போதிப்பதில் நம் சபைகள் குறைவுபடவில்லை. வசனம் மனப்பாடமாயிருக்கிறது, பரிசும் கொடுக்கிறோம். மெய்யைச் சொன்னால் உன்னை யாரும் கைவிடமாட்டோம் என்று எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? சபையின் பெயர் கெட்டுவிடும் என்பதற்காக ஒரு பிள்ளையின் வாயை மூடுவது ஆலயத்தைக் காப்பதாகாது. சீலோவில் ஆலயத்தின் பெயரைக் கெடுத்தவர்கள் ஏலியின் குமாரர். அதைச் சொன்ன சாமுவேல் அல்ல. நம் நாட்டின் சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் யாராயிருந்தாலும், போதகர் உட்பட, காவல்துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். மறைத்தால் தண்டனை உண்டு. 1098 என்னும் உதவி எண்ணை ஓய்வுநாள் பள்ளி அறையின் சுவரில் எழுதிவைக்க வேண்டுமென்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலக அறையில் அல்ல, பிள்ளைகளின் கண்மட்டத்தில்.

நாவலுக்குத் திரும்புகிறேன், அதன் பெயருக்குக் காரணமான பகுதியைச் சொல்லாமல் விட மனமில்லை. சாண்ட்லர் வீட்டுப் பலகைச் சுவர்களுக்கு ஒருநாளும் வண்ணம் பூசப்பட்டதில்லை. குத்தகைக்காரருக்கு அது கட்டாத செலவு. மலையிலிருந்து கூலிக்கு வந்த ஹாங்க்கூட, எங்கள் வீடு வண்ணம் பூசியது என்று சிறுவனை ஏளனம் செய்கிறான். ஒருநாள் வீட்டுச் சுவரில் சில பலகைகள் வெண்மையாயிருக்கின்றன. யார் பூசியது என்று தெரியவில்லை. நாளுக்கு நாள் வெண்மை கூடுகிறது. பூசியவன் ஹாங்கின் தம்பி ட்ராட். ஒரு கை சரியாய் இயங்காதவன், அதிகம் பேசாதவன், பருத்தி எடுக்க இயலாததால் யாராலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாதவன். ஸ்ப்ரூயில் குடும்பம் ஊர் திரும்பியபின், லூக் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் மேற்சட்டை வாங்குவதற்கென்று பருத்தி எடுத்துச் சேர்த்த கூலியை வண்ணத்துக்குச் செலவிடுகிறான். மெக்சிகோ தொழிலாளரும் தூரிகை பிடிக்க வருகிறார்கள்.

பிறகு ஆறு பெருகிப் பருத்தியெல்லாம் வெள்ளத்தில் போகிறது. காப்பாற்ற எண்ணிய அறுவடையே இல்லாமற்போகிறது. அந்த வெள்ளத்தில் சாண்ட்லர் குடும்பம் செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தங்கள் இழப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், மூழ்கும் வீட்டிலிருந்து லாட்சர் குடும்பத்தைப் படகில் மீட்டுவந்து, தங்கள் கொட்டகையில் தங்கவைத்து உணவளிக்கிறார்கள். யாருடைய பெயரைத் தாழ்ந்த குரலில் பேசினார்களோ, அந்தப் பெண்ணும் அவள் குழந்தையும் அவர்களுடைய கூரையின்கீழ் வந்துவிடுகிறார்கள். இரகசியம் அப்போது முற்றத்திலேயே அழுதுகொண்டிருக்கிறது, பசியோடு. அதற்குப் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் லூக்கின் பெற்றோர் நிலத்தை விட்டு, மிசிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரத்துக் கார் தொழிற்சாலையில் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். அவன் சுமந்த இரகசியங்கள் என்னவாயின என்பதை நூலிலேயே வாசித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. ஆராதனைக்குப் பின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான கதை ஆகையால், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் பெற்றோர் வாசிப்பது நலம். வருகிற ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரமே பாடம். இம்முறை நான்காம் அழைப்போடு திரையை இறக்காமல், மறுநாள் காலைவரை நடித்துக்காட்டும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஏலியாக நடிக்க ஒரு தாத்தா தேவை.